விலங்கியல் படித்தவர் இடஞ்சார் சூழலியலுக்குச் செல்ல முடியுமா? கடைமடையிலிருந்து ஒரு கேள்வி

கோரையாற்றங்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் கோரையாறு கடலை நெருங்கும் பகுதியில் எங்கள் ஊர் இருக்கிறது. அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன்.

எங்களுக்குப் பதினோரு மா நிலம். அதில் கிழக்கே இருக்கும் மூன்று மாவில், நான் பள்ளியில் படித்த காலத்தில் சம்பா நன்றாகவே விளைந்தது. இப்போது சித்திரை வைகாசியில் அந்த மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்துவிடுகிறது. நட்டாலும் பயிர் நுனி கருகி, தூர் கட்டாமல் நின்றுபோகிறது. பக்கத்தில் வந்த இறால் பண்ணைதான் காரணம் என்பது அப்பாவின் கட்சி. கோடையில் ஆற்றில் நன்னீர் இறங்குவதே இல்லை, அதனால் உவர்நீர் ஆற்றின் வழியே மேலேறி வருகிறது என்பது மாமாவின் கட்சி. வீட்டில் விசேஷம் என்று எது நடந்தாலும் இந்த வாக்குவாதமும் கூடவே நடக்கும்.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் நடந்த இரண்டு நாள் பயிலரங்கில் எங்கள் ஊரைச் செயற்கைக்கோள் படிமத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். வயலும் பண்ணைக் குட்டைகளும் அலையாத்திக் காட்டின் விளிம்பும் ஒரே திரையில் தெரிந்தபோது, அப்பாவும் மாமாவும் பேசிக்கொண்டிருப்பது வாயால் முடிக்க வேண்டிய வழக்கு இல்லை, அளந்து பார்க்கக்கூடிய ஒன்று என்று தோன்றியது. எது எந்த இடத்தில், ஏன் என்று வரைபடத்தின் வழியே சூழலைப் படிக்கும் இடஞ்சார் சூழலியல் என்று ஒரு துறையே இருக்கிறது என்பதைப் பயிலரங்கு நடத்தியவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

முதுநிலைக்குச் சுற்றுச்சூழல் அறிவியல் எடுப்பதா, வனவிலங்கு உயிரியல் எடுப்பதா, அல்லது தொலையுணர்வும் (செயற்கைக்கோள் படிமங்களைப் படிப்பது) புவியியல் தகவல் முறைமையும் (ஜிஐஎஸ், கணினியில் வரைபடம் ஆக்குவது) எடுப்பதா என்று முடிவு செய்ய முடியவில்லை. நிரல் எழுதத் தெரியாது. கணக்கு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. என்னிடம் இருப்பது அக்கா பயன்படுத்திய பழைய மடிக்கணினி. பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு எழுதுவதே பாதுகாப்பு என்று வீட்டில் சொல்கிறார்கள், அதையும் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தத் துறையில் உண்மையில் என்ன வேலைகள் இருக்கின்றன, ஒரு பெண் களப்பணியில் நிலைத்து நிற்க முடியுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

படிமவாசகன் பதில்:

தங்கச்சி, நான் பட்டுக்கோட்டைக்காரன். பதினான்கு ஆண்டுகளாகச் செயற்கைக்கோள் படிமங்களை வகைப்படுத்தும் வேலையில் இருக்கிறேன். அதனால் உங்கள் கேள்வியில் படிமம் தொடர்பான பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோளின் படிமத்தில் ஒரு பிக்சல் (படிமத்தின் மிகச் சிறிய கட்டம்) பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது நூறு சதுர மீட்டர். நம் பக்கத்து மா என்பது நூறு குழி, சுமார் 33 சென்ட். சதுர மீட்டரில் 1,335 அளவுக்கு வரும். ஆகவே ஒரு மா நிலத்தில் பதின்மூன்று பிக்சல்கள் அடங்கும். வரப்பு ஓரத்தில் பாதி வயலும் பாதி வாய்க்காலுமாகக் கலந்து நிற்பவற்றைக் கழித்துவிட்டால் ஏழெட்டுதான் சுத்தமாகத் தேறும். லேண்ட்சாட் என்ற பழைய செயற்கைக்கோள் வரிசையின் பிக்சல் முப்பது மீட்டர்; ஒரு மாவில் ஒன்றரை பிக்சல் விழும். உங்கள் மூன்று மாவைச் சென்டினலில் ஓரளவு நம்பிப் படிக்கலாம், லேண்ட்சாட்டில் அவ்வளவு நம்பக்கூடாது. ஆனால் சென்டினல்-2 விண்ணில் ஏறியதே 2015இல்தான். லேண்ட்சாட்டில் 1980களின் பிற்பகுதியிலிருந்தே முப்பது மீட்டர் படிமங்கள் கிடைக்கின்றன. இறால் பண்ணைகள் நம் கடற்கரையில் பெருகியது 1990களின் தொடக்கத்தில் என்பதால், பண்ணைக்கு முந்தைய நிலத்தைப் பார்க்க விரும்பினால் அந்தப் பழைய படிமத்தைத் தவிர வேறு கதியில்லை. எந்தப் படிமத்தை எதற்கு எடுப்பது என்று தெரிந்திருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னாலும் தவறில்லை.

மடிக்கணினி பற்றிக் கவலை வேண்டாம். படிமங்களை அலசும் கூகுள் எர்த் எஞ்சின் உலாவியிலேயே ஓடும், கணக்கீடு முழுவதும் அவர்கள் வழங்கியில் நடக்கும், கல்விப் பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. கியூஜிஐஎஸ் வரைபடம் ஆக்கும் இலவச மென்பொருள். பழைய கணினியிலும் சற்று முனகிக்கொண்டே ஓடிவிடும். டேராடூனில் 1966இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் கட்டணமில்லாப் பாடங்களை நடத்திச் சான்றிதழும் தருகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு, ஆறே வாரத்தில் ஜிஐஎஸ் நிபுணராக்குகிறோம் என்று நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கேட்கும் பயிற்சிக்கூடங்களுக்கு அப்பாவின் குறுவைப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.

வேலை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் மைய அரசு வரைபடத் தரவுக்கான விதிகளைத் தளர்த்திய பிறகு தனியார் நிறுவனங்களில் ஆள் எடுப்பது கூடியிருக்கிறது. ஆனால் ஜிஐஎஸ் மட்டும் தெரிந்து போகிறவர்களுக்குத் தொடக்கத்தில் கிடைப்பது, வீட்டுக் கூரையையும் சாலையையும் நாள் முழுக்கக் கோடு கோடாக வரையும் வேலை. நானும் மூன்று ஆண்டு அதைச் செய்தவன்தான். அதிலிருந்து மேலேற வேண்டுமானால் பைத்தான் அல்லது ஆர் நிரல்மொழி ஒன்றாவது கைவசம் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் தொலையுணர்வில் முதுநிலை படியுங்கள் என்பேன். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று தனித் துறையே இருக்கிறது, கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. எந்தப் பாடத்துக்கு விலங்கியல் பட்டத்தை ஏற்கிறார்கள் என்பதைச் சேர்க்கை அறிவிப்பில் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றுக்குப் பொறியியலோ நிலவியலோ கேட்பார்கள். சூழலியலைப் பின்னால் படித்துக்கொள்ளலாம். கணினித் திறனைப் பின்னால் பிடிப்பதுதான் கடினம்.

---

மருதநிலத்தாள் பதில்:

படிமவாசகன் அண்ணா சொன்னதில் கடைசி வரியைத் தவிர மற்றவற்றை ஏற்கிறேன். என் அனுபவம் அதற்கு நேர்மாறானது. மென்பொருளை முப்பது வயதிலும் கற்றுக்கொள்ளலாம், நான் அப்படித்தான் கற்றேன். சூழலியலில் எதைக் கேள்வியாகக் கேட்பது என்ற பழக்கம் களத்தில் நான்கைந்து பருவங்கள் நின்றால்தான் வரும்.

தங்கையின் வீட்டு வாக்குவாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா சொல்வது உண்மையானால், மண்ணின் உப்பு பண்ணைக் குட்டையின் கரையில் மிகுந்து, கரையிலிருந்து விலக விலகக் குறைய வேண்டும். மாமா சொல்வது உண்மையானால், ஆற்றையும் வடிகாலையும் ஒட்டிய நிலங்களில் மிகுந்து, முகத்துவாரத்திலிருந்து மேலே போகப்போகக் குறைய வேண்டும். இரண்டு காரணங்களும் இரண்டு வேறு வரைபடங்களை வரைகின்றன. நிலத்தில் எந்த வரைபடம் இருக்கிறது என்று போய்ப் பார்ப்பதுதான் இடஞ்சார் சூழலியல். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இறால் பண்ணைக்கு உவர்நீர் தேவை என்பதால் பண்ணைகள் பெரும்பாலும் ஆற்றையும் கழியையும் ஒட்டியே அமைந்திருக்கும். பண்ணைக்கு அருகில் இருக்கும் வயல் ஆற்றுக்கும் அருகில்தான் இருக்கும். கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் மண் எடுத்து எவ்வளவு நுட்பமான மென்பொருளில் போட்டாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆறு இருந்து பண்ணை இல்லாத இடம், பண்ணை இருந்து ஆறு தள்ளியிருக்கும் இடம் என்று தேடிப்பிடித்து மாதிரி எடுக்க வேண்டும். இதை எந்த மென்பொருளும் சொல்லித்தராது. உங்கள் ஊர் வாய்க்கால்களைத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். அந்த வகையில் நகரத்திலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவரைவிட நீங்கள் இரண்டு ஆண்டு முன்னால் நிற்கிறீர்கள்.

இன்னோர் எடுத்துக்காட்டும் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் அலையாத்திக் காட்டின் நடுவே மொட்டைத் திடல்கள் இருந்தன. படிமத்தில் அவை வெறும் வெள்ளைத் திட்டுகள். கன்று நட்டால் சரியாகிவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். முன்பு கூறு போட்டு மரம் வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து தொட்டி போலாகி, ஏறிய கடல்நீர் இறங்க வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி உப்பு மிகுந்துவிட்டது என்பது தரைமட்டத்தை அளந்த பிறகே தெளிவானது. அதன் பின்னர் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீர் வந்து போக வழி செய்தார்கள், அதற்குப் பிறகுதான் நட்ட வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் பிழைத்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அந்தப் பகுதி மக்களும் சேர்ந்து செய்த பணி அது.

நான் படித்தது வனவிலங்கு உயிரியல். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் அந்த முதுநிலைப் பாடம் இருக்கிறது. டெல்டாவில் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் இப்படி ஒரு பாடம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறை இருக்கிறது, அதற்குப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அலையாத்தியும் கழிமுகமும்தான் ஆர்வம் என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் இடங்கள் மிகக் குறைவு, ஆனாலும் விண்ணப்பித்துப் பாருங்கள். பட்டத்தின் பெயருக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்க மாட்டேன். ஆய்வேட்டுக்கு ஆறு மாதம் களத்தில் விடுகிறார்களா, புள்ளியியலை ஒழுங்காகக் கற்பிக்கிறார்களா என்று மூத்த மாணவர்களிடம் விசாரித்துச் சேருங்கள். கணக்கு மறந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம். நமக்கு வேண்டிய புள்ளியியல் தனியாகப் படிக்கக்கூடியதுதான், ஆனால் படிக்காமல் தப்பிக்க முடியாது.

களப்பணி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோடியக்கரையில் சீமைக் கருவேல் எவ்வளவு பரவியிருக்கிறது என்று வரைபடம் தயாரித்தபோது, கோடையில் புல்லெல்லாம் காய்ந்த பிறகும் பச்சையாக நிற்பது சீமைக் கருவேல்தான் என்ற நம்பிக்கையில் ஏப்ரல் மாதப் படிமத்தை எடுத்தேன். வரைபடம் அழகாக வந்தது. ஆனால் அங்கே இருப்பது வறண்ட பசுமைமாறாக் காடு. பாலை மரமும் அந்த வெயிலில் பச்சையாகத்தான் நிற்கும். பாதிக் காட்டைக் கருவேலாக்கி வைத்திருந்தேன். பிறகு பதினெட்டு நாள் ஜிபிஎஸ் கருவியோடு நடந்து சரிசெய்தோம். அந்தக் குழுவில் மூவர் பெண்கள். தங்குமிடம், கழிப்பிடம், மாலை திரும்ப வண்டி ஆகிய மூன்றையும் பணியில் சேரும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்பதைக் குறையாக நினைக்கும் இடத்தில் சேர வேண்டாம். மற்றபடி, நாற்று பறித்து நட்ட வீட்டுப் பெண்ணுக்குச் சேற்றில் நடக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வருமானத்தில் ஏற்ற இறக்கம் உண்டு. என் முதல் ஏழு ஆண்டுகளில் ஐந்து திட்டங்கள் மாறினேன், நடுவில் இருமுறை நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000 ரூபாய், அத்துடன் வீட்டு வாடகைப் படி. ஐந்தாண்டுக்கு நிலையாக வரும் பணம் என்று பார்த்தால் இத்துறையின் தொடக்கநிலையில் அதைவிட நல்லது அரிது.

---

சர்வே_எண் பதில்:

மேலே இருவரும் ஆராய்ச்சியைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர்களில் மிகுதியானோர் போய்ச் சேரும் இடம் ஆலோசனை நிறுவனங்கள், அதைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும்.

2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறிப்பிட்ட வகைத் திட்டங்கள் அனுமதி பெறும் முன் மதிப்பீட்டு அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள்தான் தயாரிக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் காற்று, நீர், நிலப்பயன்பாடு, சூழலியலும் உயிர்ப்பன்மையும் என்று துறைவாரியாக வல்லுநர்களைக் காட்ட வேண்டும். ஆகவே சட்டமே உருவாக்கிய வேலை இது. விலங்கியல் படித்து வரைபடமும் போடத் தெரிந்தவரை எடுத்துக்கொள்வார்கள். சம்பளம் மாதம் தவறாமல் வரும்.

நான் ஆறு ஆண்டு இருந்தேன். பெயர் வேண்டாம். கடலோரத் திட்டம் ஒன்றுக்கு நான் மூன்று நாள் நடந்து எழுதிய பறவைப் பட்டியலைச் சுருக்கிவிட்டு, வேறோர் அறிக்கையிலிருந்து ஒரு பட்டியலை அப்படியே ஒட்டியிருந்தார்கள். அச்சான பிறகு பார்த்தால், உப்பளத்துக்கு நடுவே மலபார் இருவாட்சி பறந்துகொண்டிருந்தது. மலைக்காட்டுப் பறவை இங்கே எப்படி வந்தது என்று கேட்டதற்கு, இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்றார் மேலாளர். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒரு மீனவர் படித்துவிட்டார். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

இதற்காக அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நேர்மையாகச் செய்யும் நிறுவனங்களும் உண்டு, சட்டமும் நடைமுறையும் எப்படி ஓடுகிறது என்பதை அங்கேதான் கற்றேன். பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்கு நிலப்பயன்பாட்டு வரைபடம் போடுவது, கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் படிமத்தின்மேல் பொருத்துவது ஆகிய இரண்டும் என் கைக்கு வந்தது அந்த ஆறு ஆண்டில்தான். நில ஆவணங்களைப் படிக்கத் தெரிந்த சூழலியலாளர் அரிது. பட்டாவும் அடங்கலும் என்னவென்று தெரியாமல் பயிர்ப் பரப்பு பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்காணலில் ஒன்று மட்டும் கேளுங்கள்: கடைசியாக எழுதிய அறிக்கைக்குக் களத்தில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று. பதில் சொல்லும் விதத்திலேயே நிறுவனம் தெரிந்துவிடும்.

இப்போது நான் சென்னையில் கடற்கரை மேலாண்மை தொடர்பான திட்டமொன்றில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய நிலைத்த கடற்கரை மேலாண்மை மையம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்றவற்றின் அறிவிப்புப் பக்கங்களை மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

---

கோரையாற்றங்கரை மீண்டும் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மருதநிலத்தாள் அக்கா சொன்ன இரண்டு வரைபடங்களை அப்பாவிடம் தாளில் வரைந்து காட்டினேன். மாமாவிடம் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வாரமாக இரவில் உட்கார்ந்து எர்த் எஞ்சினில் முயன்று பார்த்தேன். எங்கள் ஒன்றியத்துக்கு மட்டும் சென்ற அக்டோபர் படிமம் ஒன்றை எடுத்து வயல், நீர்நிலை, இறால் குட்டை, அலையாத்தி, வெற்று நிலம் என்று ஐந்து வகையாகப் பிரித்தேன். வரைபடத்தில் கைப்பட எழுநூறு பிக்சல்களைக் குறித்து, எழுபது விழுக்காட்டைக் கணினிக்குப் பயிற்சி தரவும் முப்பது விழுக்காட்டை அதைச் சோதிக்கவும் குலுக்கல் முறையில் பிரிக்கச் சொன்னேன். துல்லியம் 97 விழுக்காடு என்று வந்தது. ஆனால் நீர்நிலையின் பரப்பு நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கிறது. கியூஜிஐஎஸ்ஸில் அதே பரப்பைக் கணக்கிட்டால் 0.004 என்று ஏதோ ஒரு எண் வருகிறது. எங்கே தவறு செய்தேன்?

---

படிமவாசகன் பதில்:

இரண்டு வாரத்தில் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. மூன்று தவறுகள் இருக்கின்றன. மூன்றையும் நான் செய்திருக்கிறேன்.

0.004 எளிது. உங்கள் அடுக்கு அட்சரேகை தீர்க்கரேகையில் இருக்கிறது, பரப்பு சதுர பாகையில் வருகிறது. மீட்டரில் அளக்கும் யுடிஎம் என்ற வரைபட முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிவிட்டுக் கணக்கிடுங்கள். தமிழ்நாடு இரண்டு மண்டலங்களில் கிடக்கிறது. கோவைப் பக்கம் 43, டெல்டா முழுவதும் 44. இணையத்தில் கோவைக்காரர் எழுதிய குறிப்பைப் பார்த்து 43 போட்டுவிடாதீர்கள்.

நீர்நிலை பெரிதானதற்குக் காரணம் அக்டோபர். சம்பா நடவுக்கு உழுது நீர் கட்டிய வயலும் ஏரியும் அந்த மாதத்தில் படிமத்துக்கு ஒன்றேதான். இளநாற்று நீரை மறைக்கப் பல வாரங்கள் ஆகும். ஒரே நாள் படிமத்தை வைத்துக்கொண்டு டெல்டாவில் நீர்நிலையையும் வயலையும் பிரிக்கவே முடியாது. ஆண்டு முழுவதற்குமான படிமங்களை வரிசையாக வையுங்கள். கார்த்திகை மார்கழியில் பச்சையாக மாறுவது வயல், அப்போதும் நீராகவே நிற்பது குட்டையும் ஏரியும். மழைக்காலத்தில் மேகம் விடாது என்பதால் சென்டினல்-1 ரேடார் படிமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேடாருக்கு மேகம் ஒரு தடையில்லை. நீர் கட்டிய வயல் அதில் கறுப்பாகத் தெரியும், பயிர் எழும்ப எழும்ப வெளுக்கும்.

அந்த 97 விழுக்காட்டை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். ஒரே வயலில் பத்துப் பிக்சலைக் குறித்து, ஏழைப் பாடமாகவும் மூன்றைத் தேர்வுக் கேள்வியாகவும் கொடுத்திருக்கிறீர்கள். அருகருகே இருப்பவை ஒன்றுபோல் இருக்கும் என்பது இத்துறையின் அரிச்சுவடி. வினாத்தாளை முதல்நாளே கொடுத்துவிட்டு மாணவன் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கினான் என்று மகிழ்வது போலாகும். நான்கு ஊர்களில் பயிற்சி கொடுத்து, தொடாத ஐந்தாவது ஊரில் சோதியுங்கள். எண் எழுபத்தைந்துக்கு இறங்கினால் வருந்த வேண்டாம், அதுதான் உண்மையான மதிப்பெண்.

மருதநிலத்தாளுக்கு ஒரு சொல்: நான் தோற்றேன். முதலில் களம், பிறகு கணினி என்றே இருக்கட்டும். ஆனால் இந்தத் தங்கை இரண்டையும் ஒன்றாகவே தொடங்கிவிட்டார்.

---

ஓய்வாசிரியன்_குடந்தை பதில்:

முப்பத்தோராண்டு தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில் இரண்டு செய்திகள் மட்டும் சொல்கிறேன், அம்மா.

அரசுப் பணியை வீட்டார் விரும்பினால், பி.எட். மட்டுமே வழி இல்லை. இந்திய வனப்பணித் தேர்வுக்கு ஏற்கப்படும் இளநிலைப் பாடங்களில் விலங்கியல் பெயர் குறிப்பிட்டே இருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியல் அந்தப் பட்டியலில் இல்லை. இளநிலையிலேயே சுற்றுச்சூழல் அறிவியல் எடுத்துவிட்டுப் பின்னர் இதை அறிந்து நொந்த மாணவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு அந்தத் தடை இல்லை. முதற்கட்டத் தேர்வு குடிமைப் பணித் தேர்வோடு பொதுவானது. அதற்குப் படிக்கும்போதே கேட் என்ற அகில இந்தியத் தேர்வில் சூழலியலும் பரிணாமமும் என்ற தாளையும் பார்த்துவிடலாம், பாடங்கள் ஓரளவு ஒன்றோடொன்று பொருந்தும். மாநிலத்தில் மாவட்டந்தோறும் முதலமைச்சரின் பசுமைத் தோழர் திட்டத்துக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள். முதுநிலைக்குப் பின், மீண்டும் அறிவிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். பி.எட். படிப்புக்கு நான் எதிரி அல்லன். முதுநிலை முடித்த பிறகும் அதைப் படிக்கலாம், கதவு மூடிவிடாது என்பதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

மற்றொன்று, படிமத்தில் உப்பு நேரடியாகத் தெரியாது. கோடையில் பூக்கும் வெள்ளையும் பயிரின் வாட்டமும்தான் தெரியும், வாட்டத்துக்கோ வேறு நூறு காரணங்கள் உண்டு. மண்ணை எடுத்து மின்கடத்துதிறன் (உப்பு கூடக் கூட இதுவும் கூடும்) பார்த்தே ஆக வேண்டும். நிறைவுற்ற மண்சாற்றில் (குழம்பாக நனைத்த மண்ணிலிருந்து வடித்த நீரில்) மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர்மண் என்பது வழக்கம். நெல் 3 அளவிலேயே தளரத் தொடங்கும். வேளாண்துறை மண் பரிசோதனை நிலையத்தில் குறைந்த கட்டணத்தில் பார்த்துத் தருவார்கள். அவர்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் கலந்து அளப்பதாக இருந்தால் எண் குறைவாக வரும். இரண்டு அளவையும் ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

---

கோரையாற்றங்கரை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. மன்னம்பந்தலுக்கும் புதுச்சேரிக்கும் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். வனப்பணித் தேர்வைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன், பி.எட். பேச்சு இப்போதைக்கு ஓய்ந்திருக்கிறது.

வைகாசியில் மண் எடுப்பதற்கு இருபத்து நான்கு இடங்களைக் குறித்திருக்கிறேன். பண்ணை இல்லாத ஆற்றங்கரை என்று ஆறு இடங்கள் தேவைப்பட்டன. படிமத்தில் தேடி நான்குதான் கிடைத்தன. மற்ற இரண்டையும் மாமாதான் சொன்னார். அவற்றில் ஒன்று, படிமத்தில் குட்டை போலத் தெரிந்ததால் நான் கழித்துவிட்ட இடம். செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளமாம், மழைநீர் தேங்கி நிற்கிறதாம். சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு மற்ற விவரங்களை எழுதுகிறேன்.